தூணில்லா போர்டிகோவுக்கு இருபத்துநான்கு தூண்கள்

மனித குல வரலாற்றைக் கற்காலம், இரும்புக் காலம், கான்கிரீட் காலம் என்று மூன்றாகப் பிரிக்கலாம். முதல் இரண்டும் எங்கெங்கோ நடந்தவை. யார் யாரோ பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவதற்கு மட்டும் தெளிவான முகவரி உண்டு: ஆரம்ப சுகாதார நிலையம், கல்மேடு, அரியலூர் மாவட்டம். அந்தக் காலத்தைச் சேதமில்லாமல் வருங்காலத்திடம் ஒப்படைக்கும் பொறுப்பு என் தலைமேல் விழுந்தது. அதே கட்டடத்தில் மற்றவர்கள் தலைமேல் விழுந்தவற்றைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் ஞானப்பிரகாசம். வரதராஜன்பேட்டைக்காரன். முப்பத்தொரு வருடம் கல்மேட்டில் ஓவிய ஆசிரியராக இருந்து, மாம்பழமும் தேசியக் கொடியும் வரையக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது 'கல்மேடு நவீனக் கான்கிரீட் மரபுப் பாதுகாப்புக் குழு'வின் உறுப்பினர் செயலர். இவ்வளவு நீளமான பெயர் ரப்பர் ஸ்டாம்பில் அடங்காது என்பதால், ஸ்டாம்பை வட்டமாகச் செய்வதா, சதுரமாகச் செய்வதா என்று விவாதிக்கவே முதல் கூட்டம் சரியாகப் போய்விட்டது. நீள்வட்டம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

கட்டடம் 1972இல் எழுந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓர் எஞ்சினியர், படித்ததையெல்லாம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் மேல் இறக்கிவைத்துவிட்டுப் போனார். கூரை, மடித்த விசிறிபோல ஏறி இறங்கும். சுவருக்குப் பூச்சு கிடையாது. கான்கிரீட் ஊற்றியபோது அடைத்திருந்த பலகைகளின் ரேகைகள் இன்றும் சுவரில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் இருபது அடிக்கு நீண்டு நிற்கும் போர்டிகோ. அதற்கு ஒரு தூண்கூடக் கிடையாது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. ஊர் ஜனங்கள் இதைக் கலை என்று நினைக்கவில்லை. பூச்சு வேலை ஆரம்பிப்பதற்குள் காண்டிராக்டர் ஓடிப்போய்விட்டார் என்று நினைத்தார்கள். 'பூசாத ஆஸ்பத்திரி' என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்கும் இடம் தெரியும்.

இந்த அறியாமையிலிருந்து எங்களை மீட்டவர் கட்டடக்கலை நிபுணர் கோகுலகிருஷ்ணன். சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனவர், பெரம்பலூரில் போன் சொன்ன வழியை நம்பித் திரும்பி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவர் தேடியது கலையை அல்ல, கழிப்பறையை. வெளியே வரும்போது சுவரைப் பார்த்தார். அருகில் போனார். கன்னத்தை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம் போட்டுச் சாய்கிறார் என்று நினைத்த ஸ்டாஃப் நர்ஸ் மேகலா, அவரை உட்காரவைத்து பிரஷர் பார்த்தார். நூற்று அறுபது இருந்தது.

"சுகரும் பாத்துருவமா சார்?" என்று மேகலா கேட்டார்.

"இது முரட்டுக் கலைம்மா" என்றார் அவர், கண்ணில் நீர் தளும்ப.

யார் யாரிடம் முரட்டுத்தனம் செய்தார்கள் என்று மேகலாவுக்குப் புரியவில்லை. போலீசுக்குச் சொல்லவா என்று கேட்டார். கோகுலகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். பூச்சு என்ற பொய்யை மறுத்து, கான்கிரீட்டை நிர்வாணமாக நிற்கவிட்ட உலக இயக்கத்தின் அரிய வாரிசு இது என்றும், தூணில்லாத போர்டிகோ அதன் உச்சம் என்றும் சொல்லிவிட்டு ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துக்கொண்டு போனார். இணையத்தில் அந்தப் படங்களை லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்கடுத்த மாதம் மேலிடத்து உத்தரவு வந்தது. குழு பிறந்தது.

தலைவர், உதவிச் செயற்பொறியாளர் கலைச்செல்வன். ஆலோசகர், கோகுலகிருஷ்ணன். கலையின் சார்பில் நான். நோயாளிகள் தற்காலிகமானவர்கள் என்பதால் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்கு மேகலா அழைக்கப்படாமலே வந்தார். கூடவே கொத்தனார் செல்லதுரையையும் கூட்டிவந்தார். பிரசவ வார்டின் மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. வாரத்துக்கு ஒருமுறை கையளவு துண்டு விழுகிறது. நான்கு கட்டில்களையும் ஒரே மூலைக்குத் தள்ளிவைத்திருக்கிறாராம். இப்போது அந்த மூலையிலும் விரிசல் விட்டிருக்கிறது என்று மேகலா சொன்னார். ஏழு வருடமாக எழுதிய மனுக்களின் நகல்களைக் கட்டாக மேஜைமேல் வைத்தார். செல்லதுரை தன் பங்குக்கு வைத்தியம் சொன்னார். உப்பிய இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, துருவுக்கு மருந்து அடித்து, தேவைப்பட்ட இடத்தில் புதுக் கம்பி கட்டி, திரும்ப அடைத்துவிடலாம். மேலே மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தில், அது வடிந்தோட வாட்டம் கொடுத்தால் போதும். பத்து நாள் வேலை.

"ஐப்பசி மழைக்கு முன்ன முடிச்சிரணும்ங்க. எம்மவ மஞ்சுவுக்கு ஐப்பசி கடைசிலதான் தேதி குடுத்துருக்காங்க" என்றார் செல்லதுரை.

குழு இதை மிகுந்த அக்கறையுடன் செவிமடுத்தது. பிறகு கோகுலகிருஷ்ணன், பாதுகாப்புக் கலையின் முதல் விதி 'குறைந்தபட்சத் தலையீடு' என்று எடுத்துரைத்தார். ஒரு கட்டடத்தில் எவ்வளவு குறைவாகக் கைவைக்கிறோமோ அவ்வளவு நல்லது. நாங்கள் அந்த விதியை அணுவும் பிசகாமல் கடைப்பிடித்தோம். அடுத்த ஐந்து மாதமும் வார்டின் மேல்தளத்தில் ஒருவரும் கைவைக்கவில்லை.

இதை வைத்து நாங்கள் சும்மா இருந்தோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடைக்கும் கலவை பழைய கான்கிரீட்டின் நிறத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதால் நாற்பத்தோரு சாம்பல் நிற மாதிரிகளைத் தருவித்து, ஓவிய ஆசிரியன் என்ற முறையில் நானே தரம் பிரித்தேன். மேகச் சாம்பல், எலிச் சாம்பல், விபூதிச் சாம்பல் என்று பெயரும் வைத்தேன். இடையில் ஒரு சிக்கல் முளைத்தது. வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டு லாரியும் போவதால், சுவர்மேல் அரை அங்குலத்துக்குத் தூசி படிந்திருந்தது. அசல் நிறம் தூசிக்குக் கீழே இருப்பதா, தூசியேவா? மூன்று கூட்டம் நடந்தது. தூசியும் காலம் பூசிய பூச்சுதான், ஆகவே அதைத் துடைக்கக் கூடாது என்று தீர்மானித்தோம். மேகலா வழக்கம்போல ஜன்னலைத் துடைத்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது.

துருவுக்கென்று தனித் துணைக்குழு போட்டோம். அது துருவை ஏணி வைத்து ஏறிப் பார்த்து, 'கம்பி 1972ஆம் ஆண்டினது. எனவே அதன் துருவும் அசலே' என்று அறிக்கை தந்தது.

செல்லதுரைக்குப் பொறுமை போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூட்டை சிமெண்டு, கம்பி பிரஷ், கரண்டி சகிதம் வந்து, கூலி வேண்டாம், விட்டால் போதும் என்றார். நான் வாசலிலேயே மறித்தேன். மரபுக் கான்கிரீட்டில் வேலைசெய்யச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். நாற்பது வருடமாக இந்த வட்டாரத்தில் வீடு கட்டிவரும் மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வாசல்ல சிமெண்டு லாரி செதறிட்டுப் போற தூசியக் கூட்டி வச்சிருந்தாலே இந்நேரம் பூசியிருக்கலாம் வாத்தியாரே" என்றார்.

சொல்லிவிட்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் அந்த உணர்ச்சியைப் பதிய எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

இந்நிலையில்தான் எங்கள் பணியின் திருப்புமுனை நிகழ்ந்தது. 'திறப்பு விழா நாளில் இருந்த நிலைக்கே கட்டடத்தை மீட்க வேண்டும். அதற்கு அக்காலப் புகைப்படமே சான்று' என்பது திட்ட உத்தரவின் நான்காம் பத்தி. ஐம்பது வருடத்துப் புகைப்படத்துக்கு எங்கே போவது? கலைச்செல்வன் யூனியன் ஆபீஸ் பீரோவை மூன்று நாள் குடைந்து, திறப்பு விழாப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம். மாலை போட்ட பிரமுகர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் போர்டிகோ. அதன் கீழே, வண்ணக் காகிதம் சுற்றிய, மெல்லிய, உயரமான இருபத்துநான்கு தூண்கள்.

கோகுலகிருஷ்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். தூண் இல்லையே என்று முதலில் அழுதவர், இப்போது தூண் இருக்கிறதே என்று அழுதார். "கட்டடக்கலையின் கவிதை இது. பின்னால் வந்த அறியாதவர்கள் அகற்றிவிட்டார்கள்" என்றார். இருபத்துநான்கு தூண்களையும் மீண்டும் நிறுவ அன்றே தீர்மானம் நிறைவேறியது.

செய்தி கேட்டு மறுநாளே செல்லதுரை வந்து நின்றார். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது தூணு இல்லிங்க. சென்ட்ரிங் முட்டு. சவுக்குக் கம்பு. கான்கிரீட்டு போட்டு ஒரு வாரம்கூட ஆவல, அதுக்குள்ள பெரிய மனுசன் தேதி குடுத்துட்டாரு. முட்டப் பிரிச்சா எறங்கிரும்னு, கம்புல பேப்பரச் சுத்திட்டு அப்படியே தொறந்துட்டாங்க. அப்புறம் மூணு வாரம் கழிச்சி எங்கப்பாதான் பிரிச்சாரு."

"ஆவணம் இருக்கிறதா?" என்று கலைச்செல்வன் கேட்டார்.

"எங்கப்பா செத்துப் பதினாறு வருசம் ஆவுதுங்க."

வாய்மொழியைவிடப் புகைப்படமே வலுவான சான்று என்று குறிப்பெழுதி அந்த ஆட்சேபணையை முடித்துவைத்தோம். வெளியே வந்தபோது கோகுலகிருஷ்ணன் என் காதருகில், கொத்தனார் சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்று முணுமுணுத்தார். கலைச்செல்வன் காதிலும் அது விழுந்துவிட்டது. டெண்டர் விட்டாச்சு என்று அவர் இரண்டே வார்த்தையில் சொன்னதும் நிபுணரின் சந்தேகம் தெளிந்தது.

வேலை மளமளவென்று நடந்தது. ஒரே பருமனில், ஒரே உயரத்தில் இருபத்துநான்கு சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. கரையான் மருந்து தடவி, போர்டிகோவைச் சுற்றி இரண்டடிக்கு ஒன்றாக நட்டோம். சுற்றவேண்டிய காகிதத்தின் நிறம் பற்றிக் கேள்வி எழுந்தபோது, படத்தில் இருப்பது சாம்பல் நிறமே என்று சுட்டிக்காட்டி, அதே எலிச் சாம்பல் நிறத்தில் காகிதம் தருவித்தேன். ஆம்புலன்ஸ் இனி போர்டிகோவுக்குள் வர முடியாது என்பது நட்ட பிறகுதான் தெரிந்தது. ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துப் பிடித்தால் நுழையும் என்று கண்டுபிடித்து, அதை அறிக்கையில் சாதனையாகச் சேர்த்தோம்.

பிரசவ வார்டு 'பாதுகாக்கப்பட்ட பகுதி' ஆயிற்று. பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு வருபவர்களை அரியலூருக்கு அனுப்பும்படி மேகலாவுக்கு உத்தரவு போனது. இதையெல்லாம் மேற்பார்வையிட எங்களுக்கு ஓர் அலுவலகம் வேண்டுமல்லவா? ஆஸ்பத்திரி வளாகத்திலேயே செங்கல் வைத்து, வழவழவென்று பூசி, டைல்ஸ் போட்டு, ஏ.சி. மாட்டி இரண்டே மாதத்தில் கட்டி முடித்தோம். ஒரு சொட்டு ஒழுகாது. அதைக் கட்டியவர் செல்லதுரைதான். சாதாரணக் கட்டடம் என்பதால் சான்றிதழ் கேட்கவில்லை.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, நான்காம் நாள் வெறித்தது. அன்றுதான் மறுதிறப்பு விழா. சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. போர்டிகோவின் குறுக்கே ரிப்பன் கட்டியாயிற்று. வார்டுக் கட்டில்களில் புது விரிப்பு போட்டு, விருந்தினர் பார்ப்பதற்காக அலங்கரித்தோம். ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோல் வாங்கும் பொறுப்பு என்னுடையது. மறந்துவிட்டேன். டாக்டரும் மேகலாவும் தடுப்பூசி முகாமுக்குக் கீழப்பழுவூர்ப் பக்கம் போயிருந்தார்கள். மேகலாவின் அறையில் துணி சுற்றிய ஸ்டீல் பெட்டியில் பளபளவென்று ஒரு கத்திரிக்கோல் இருந்தது. எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தேன். பார்க்க மிக லட்சணமாக இருந்தது.

பத்தரை மணிக்கு மேகலா மட்டும் திரும்பி வந்த அதே நேரத்தில், ஓர் ஆட்டோ வந்து தூண் வரிசைக்கு முன்னால் நின்றது. ஓட்டிவந்தவன் மஞ்சுவின் புருஷன் விக்கி. பின்னால் மஞ்சு, அவளைப் பிடித்தபடி செல்லதுரை. அரியலூருக்குத்தான் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, வலி முற்றிவிட்டது. நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வர அரை மணியாகும் என்றார்களாம். மேகலா ஆட்டோவுக்குள் தலையைவிட்டுப் பார்த்தார். இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"சாவியக் குடுங்க சார்."

நான் நிலைமையை விளக்கினேன். சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டும்வரை பாதுகாக்கப்பட்ட பகுதியைத் திறப்பதில்லை என்பது பதினாலாம் தீர்மானம். கட்டில்களில் விரிப்புகூடக் கசங்கக் கூடாது.

"அந்த வார்டு சாவிய யாரு கேட்டா? அந்தக் கூரைக்கிக் கீழ நானே அவளப் படுக்கவைக்க மாட்டேன். ஒங்க ஆபீஸ் சாவியக் குடுங்க."

அலுவலகத்தைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லாததால் என்னால் மறுக்க முடியவில்லை. மேகலா சாவியை வாங்கிக்கொண்டு, வெல்வெட் தட்டைப் பார்த்தார். கத்திரிக்கோலை அடையாளம் கண்டுகொண்டார்.

"தொப்புள்கொடி வெட்ற கத்திரி சார் இது" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எடுத்துக்கொண்டு ஓடினார்.

எங்கள் கூட்ட மேஜையிலிருந்து நாற்பத்தோரு சாம்பல் மாதிரிகளும் தரைக்கு வந்தன. தேநீர் போட வாங்கிய அடுப்பில் கத்திரிக்கோல் கொதித்தது. விக்கி கதவுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்தான். செல்லதுரை தான் பூசிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மஞ்சு அலறும்போதெல்லாம் அவர் கை தானாக எழுந்து அந்தச் சுவரைத் தடவியது.

சிறப்பு விருந்தினர் சரியாகப் பதினொன்றரைக்கு வந்து, ரிப்பன் முன்னால் நின்று கையை நீட்டினார். தட்டு காலி. மேளம் மூன்று முறை உச்சத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் டீக்கடையிலிருந்து பால் பாக்கெட் வெட்டும் பிளேடு வந்தது. அவர் மனம் கோணாமல் அதனாலேயே ரிப்பனை அறுத்தார். பிறகு தூண்களுக்கிடையே பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனோம். இருபத்துநான்கு தூண்களின் நளினத்தைக் கோகுலகிருஷ்ணன் வர்ணித்தார். வார்டுக் கதவை நான் திறந்தேன். விருந்தினர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன ஒரு கம்பீரம்" என்றார். எல்லாரும் கைதட்டினோம்.

கைதட்டியதால்தானோ, மூன்று நாள் குடித்த மழைத்தண்ணீரால்தானோ, மூலையில் மேல்தளம் ஒரு பாளமாகக் கழன்று கட்டிலின்மேல் விழுந்தது. முதல் கட்டில். மேகலா இந்த ஏழு வருடமும் பெண்களைப் படுக்கவைத்தது அதில்தான். தலையணை இருந்த இடத்தில் கட்டில் சட்டம் வளைந்து போயிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அலுவலகத்திலிருந்து குழந்தை அழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

முதலில் சுதாரித்தவர் கோகுலகிருஷ்ணன்தான். 1972இன் அசல் துண்டு, பலகை ரேகையோடு முழுசாகக் கிடைத்திருக்கிறது, இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும் என்றார். எடை குறிக்காமல் பதிவேட்டில் ஏற்ற முடியாது. வளாகத்தில் இருந்த தராசு ஒன்றுதான், பிறந்த குழந்தைகளுக்கானது. அதை மேகலா அலுவலகத்துக்கு எடுத்துப்போயிருந்தார். கலைச்செல்வன் அந்தத் துண்டை ஒரு துவாலையில் சுற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார். நான் அதைச் சுமந்துகொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

உள்ளே தராசில் குழந்தை இருந்தது. பெண். மஞ்சு மேஜையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். செல்லதுரை தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருப்பது என்ன என்று மேகலா பார்வையாலேயே கேட்டார். சொன்னேன். எந்தக் கட்டிலில் விழுந்தது என்றார். அதையும் சொன்னேன். செல்லதுரை திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கான்கிரீட்டை மட்டும் பார்த்தார்.

"இருங்க சார். புள்ளைய எறக்கிக்கறேன்" என்றார் மேகலா.

குழந்தை இரண்டு கிலோ எண்ணூறு. கான்கிரீட் நான்கு கிலோ நூறு. இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே தராசில், என் கண்ணெதிரே நிறுத்தார்கள். 'பாதுகாக்கப்பட்டவை' என்று தலைப்பிட்ட குழுவின் பதிவேட்டில் அன்றைய தேதியில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது: 'கான்கிரீட் துண்டு, 1972, நான்கு கிலோ நூறு கிராம், நிலை: நன்று.' அழகான கையெழுத்து. என்னுடையதுதான்.